எந்திரமும் கையும் – 11: குறுக்கே நிற்கும் ஒளி

அரிசி ஆலையில் உமி நீக்கும் பொறிக்குள் இரண்டு ரப்பர் உருளைகள் உண்டு. ஒன்றையொன்று நோக்கிச் சுழலும் அவற்றில் ஒன்று மற்றதைவிட வேகமாகச் சுற்றும். அந்த வேக வித்தியாசத்தில்தான் நெல்லின் உமி உரிகிறது. நெல்லை உள்ளே இழுக்கும் இடுக்கு விரலையும் அதே போல இழுக்கும். மூடி போட்டிருக்கும்வரை ஆபத்தில்லை. காலபோக அறுவடையில் ஈர நெல் வரும்போது பொறி அடைத்துக்கொள்ளும். அப்போது மூடியைத் திறந்து கையை விடுகிறார்கள். மோட்டரை நிறுத்திவிட்டுத் திறக்கப் பொறுமை இருக்காது. வெளியே லொறியில் மூட்டைகள் காத்து நிற்கும்.

வவுனியா நகரிலிருந்து மன்னார் வீதியில் மேற்கே வந்து நெளுக்குளத்தைக் கடக்கிறவர்களுக்கு இந்த வகைச் சத்தங்கள் பழக்கமானவை: உழவு இயந்திரம் திருத்தும் கராஜின் கிரைண்டர், மர வாள், மிளகாயும் மாவும் அரைக்கும் மில். இவற்றில் எதுவும் பெரிய தொழிற்சாலை கிடையாது. இரண்டு பேர், நான்கு பேர், அறுவடைக் காலத்தில் பத்துப் பேர் வேலை செய்யும் இடங்கள். இந்தத் தொடரின் சென்ற பகுதியில் டீசல் எஞ்சினும் அதன் திறந்த பெல்ட்டும் வன்னிக்குள் வந்த கதையைப் பார்த்தோம். இந்தப் பகுதி அந்தப் பெல்ட்டுக்கும் கைக்கும் நடுவே எதை வைப்பது என்ற கேள்வியின் வரலாறு.

நமது மில்களில் நெடுங்காலம் இருந்த எச்சரிக்கைக் கருவி, பக்கத்தில் நிற்கும் பெடியனின் குரல். “அண்ணை, கை! கையை எடுங்கோ!” அந்தக் குரல் காதில் விழுந்து, மூளைக்குப் புரிந்து, தசை அசையக் கால் விநாடி அளவு பிடிக்கும். வேகமான உருளையின் மேற்பரப்போ ஒரு விநாடியில் பத்து மீற்றருக்கும் மேல் ஓடுகிறது. கால் விநாடியில் இரண்டரை மீற்றர். எந்த மனிதனுடைய கையும் அவ்வளவு நீளமில்லை. குரல் எவ்வளவு அன்போடு வந்தாலும் பிந்தித்தான் வரும்.

அப்படியானால் குரலைவிட விரைவான காவல் எப்போது வந்தது? அது வந்து எத்தனை காலத்துக்குப் பிறகு தொழிலாளியின் கைக்கு முன்னால் பூட்டப்பட்டது? இந்த இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியம். இயந்திரக் காவலின் வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்கு உறுதியாகிய ஒன்று உண்டு: கை போன இடங்களில் பெரும்பாலானவற்றில், கையைக் காக்கும் வழி உலகில் எங்கோ ஏற்கெனவே இருந்தது. அதைப் பூட்டும் செலவை யார் ஏற்பது என்ற பேச்சில்தான் காலம் போயிற்று.

பிரித்தானியப் பருத்தி ஆலைகளில் இருந்தே தொடங்கலாம். 1844ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஆலையின் சுழலும் தண்டுகளுக்கும் சக்கரங்களுக்கும் வேலியிட வேண்டும் என்றது. சிறுவரும் பெண்களும் ஓடும் பொறியைத் துடைக்கக் கூடாது என்றும் சொன்னது. பத்து ஆண்டுகள் கழித்தும் மேலே ஓடும் தண்டுகள் திறந்தே கிடந்தன. சட்டைக் கை, தலைமயிர், பெல்ட்டின் நுனி, ஏதாவது ஒன்று சிக்கி ஆட்களைத் தூக்கிச் சுழற்றிக்கொண்டிருந்தன. லெனார்ட் ஹோர்னர் என்ற தொழிற்சாலைப் பரிசோதகர் 1854இல், எந்த உயரத்தில் இருந்தாலும் கிடைத்தண்டுகள் மூடப்பட வேண்டும் என்று அறிவித்தார். அதே ஆண்டு ஏப்ரலில் சார்ள்ஸ் டிக்கின்ஸ் நடத்திய ‘ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்’ இதழில் ஹென்றி மோர்லி ஆலைகளில் நசுங்கியவர்களைப் பற்றி எழுதினார்.

ஆலை முதலாளிகள் சும்மா இருக்கவில்லை. 1855இல் சங்கம் அமைத்துப் பணம் திரட்டினார்கள், வழக்குகளை எதிர்த்து நின்றார்கள். ஹரியட் மார்ட்டினோ என்ற புகழ்பெற்ற எழுத்தாளர் முதலாளிகளின் பக்கம் நின்று எழுதினார். 1856இல் வந்த திருத்தம் அவர்களுக்கு இடம் கொடுத்தது: பெண்களும் சிறுவரும் தொடக்கூடிய பகுதிகளுக்கு மட்டும் வேலி போதும் என்றாயிற்று. தலைக்கு மேலே ஓடும் தண்டு, வளர்ந்த ஆணின் சொந்தப் பொறுப்பு. வேலியின் விலை என்னவென்றால் மரப்பெட்டியும் தகரமும் ஒரு தச்சனின் கூலியும்தான். அதற்காகவே இவ்வளவு சண்டையும் நடந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் விலை கூடிய கருவிகளின் கதையும் இதே வழியில்தான் போகிறது.

இந்தியாவுக்கு முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881இல் வந்தது. வேலி பற்றிய விதி அதிலும் இருந்தது. ஆனால் 100 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடமே அந்தச் சட்டத்தின் கண்ணுக்குத் தொழிற்சாலை. 1891இல் அந்த எண் 50 ஆனது, 1922இல் 20 ஆனது, விடுதலைக்குப் பின் 1948இல் வந்த சட்டம் மின்விசை பயன்படுத்தும் இடங்களுக்கு அதை 10 ஆக்கியது. 67 ஆண்டுகளாக இறங்கி வந்த எண் அது. 2020இல் இயற்றி 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய விதித்தொகுப்பு அதை மீண்டும் 20க்கு ஏற்றியிருக்கிறது. விரல்கள் அதிகம் போவது சின்னப் பட்டறைகளில் என்று தெரிந்திருந்தும் தொழிற்சாலை என்ற வரையறையைச் சின்னப் பட்டறையிலிருந்து விலக்கி வைப்பது எந்த நியாயத்தில் சேர்த்தி என்று எனக்கு விளங்கவில்லை.

இலங்கைக்கு 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். அரசாங்க சபைக் காலம். தொழில் அமைச்சராக ஜீ.சி.எஸ். கொரெயா இருந்தார். பிரித்தானியாவின் 1937ஆம் ஆண்டுச் சட்டத்தை அடியொற்றி எழுதப்பட்டது. விசை தரும் எஞ்சின், விசையைக் கடத்தும் தண்டும் பெல்ட்டும், ஆபத்தான மற்றப் பகுதிகள் எல்லாவற்றுக்கும் உறுதியான வேலி வேண்டும் என்கிறது. படிக்கும்போது நல்ல சட்டம்தான். அது நடைமுறைக்கு வந்த நாள் 1950 ஜனவரி 1. எழுதியதற்கும் நடந்ததற்கும் இடையில் ஏழு ஆண்டுகளுக்கு மேல். உலகப் போர் நடுவில் நின்றது உண்மை. அந்த ஆண்டுகளில் ஆலைகள் நிற்கவில்லை என்பதும் உண்மை.

வன்னிக்குள் அப்போது பெரிய தொழில் என்று எதுவும் இல்லை. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் ஒட்டுசுட்டான் ஓட்டுத் தொழிற்சாலையும் பின்னால் வந்தன. ஓட்டுத் தொழிற்சாலை என்றதும் நமக்குச் செம்மண்ணும் சூளையும்தான் நினைவுக்கு வரும். கையைப் பற்றி எழுதுகிறவன் நினைப்பது அழுத்தும் பொறியை. களிமண் பாளத்தைக் கையால் அச்சின் மேல் வைக்க வேண்டும், மேலச்சு இறங்கும், கை வெளியே வந்திருக்க வேண்டும். நாள் முழுவதும் இதே தாளம். களைப்பு வந்தாலும் தாளம் மாறாது.

இங்கே ஒளியின் கதைக்குப் போக வேண்டும். 1873இல் கடலடித் தந்திக் கம்பிகளைச் சோதித்துக்கொண்டிருந்த வில்லோபி ஸ்மித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், செலீனியம் என்ற பொருளின் மீது வெளிச்சம் பட்டால் அது மின்சாரத்தைக் கூடுதலாகக் கடத்துகிறது என்பதை வெளியிட்டார். 1887இல் ஹேர்ட்ஸ் ஒளி பட்ட உலோகத்தின் விசித்திரத்தைக் கண்டார். 1905இல் ஐன்ஸ்டைன் அதற்கு விளக்கம் சொன்னார். 1921ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது இதற்காகத்தான், சார்புக் கோட்பாட்டுக்காக இல்லை. வெளிச்சம் மறைந்தால் மின்னோட்டம் மாறும் என்றாயிற்று. ஒரு பக்கம் விளக்கு, மறுபக்கம் ஒளி உணரும் கலம். நடுவே கை போனால் வெளிச்சம் அறும், மின்னோட்டம் மாறும், பொறி நிற்கும்.

இதைத் தொழிற்சாலைக் காவலாக்கி உலகமெங்கும் கொண்டுபோனவர்களில் முதன்மையானவர் எர்வின் சிக் என்ற ஜேர்மனியர். இரண்டாம் உலகப் போரில் நொறுங்கிய நாட்டில், அமெரிக்கப் படையினரின் ஆட்சிக்குள் இருந்த மூனிக் பகுதியில், 1946இல் தொழில் உரிமம் பெற்றுத் தொடங்கினார். 1950களின் தொடக்கத்தில் விபத்துத் தடுக்கும் ஒளித்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அவர் பெயரிலேயே அந்த நிறுவனம் இன்றும் வால்ட்கிர்க் என்ற ஊரில் இயங்குகிறது. போரில் சிதைந்த ஒரு நாட்டின் பட்டறையிலிருந்து தொழிலாளியின் விரலைக் காக்கும் கருவி வந்தது என்பதை வன்னியில் இருந்து படிக்கும்போது கொஞ்சம் நின்று யோசிக்கிறேன்.

இன்றைய ஒளித்திரை இரண்டு ஒடுக்கமான கம்பங்கள். ஒன்றிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்கள் வரிசையாகப் புறப்படும்; மற்றது அவற்றைப் பெறும். கதிர்கள் துடிப்புத் துடிப்பாக வருவதால் யன்னல் வெயிலையும் குழல் விளக்கையும் கருவி தன் கதிர் என்று ஏமாறாது. தன்னைத் தானே ஓயாமல் சோதித்துக்கொள்ளும். உள்ளே ஏதாவது பழுதானால் அதையும் கை வந்ததாகவே எடுத்துக்கொண்டு பொறியை நிறுத்தும். பழுதானாலும் நிறுத்தும் பக்கமே சாய வேண்டும் என்பது இந்தத் துறையின் அடிப்படைக் கட்டளை. வீட்டுக் கதவில் ஆள் வந்தால் விளக்கெரியும் மலிவான சென்சாரை வாங்கிப் பொறியில் பூட்டக் கூடாது என்பதற்கும் காரணம் இதுதான். அது பழுதானால் பேசாமல் கிடக்கும், பொறி ஓடிக்கொண்டிருக்கும்.

ஒளித்திரையைப் பொறியிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிறுத்துவது? இதுதான் முழு விசயத்தின் இதயம். சர்வதேசத் தரவிதி மனிதக் கையின் வேகத்தை விநாடிக்கு 2,000 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்கிறது. பொறி முழுவதும் நிற்க எடுக்கும் நேரத்தை அந்த வேகத்தால் பெருக்க வேண்டும். அதோடு கதிர்களின் இடைவெளிக்கு ஏற்ப ஒரு கூட்டல் உண்டு. விரல் தடிப்பையே கண்டுபிடிக்கும் 14 மில்லிமீற்றர் வகைத் திரைக்கு அந்தக் கூட்டல் பூச்சியம். பொறியும் சென்சாரும் சேர்ந்து நிற்க 0.2 விநாடி எடுத்தால், திரை 400 மில்லிமீற்றர் தள்ளி நிற்க வேண்டும். அதைவிடக் கிட்ட வைத்தால் கை கதிரை அறுத்த பிறகும் பொறியை முந்திவிடும்.

இப்போது பிரேக் தேய்கிறது என்று வையுங்கள். 0.2 விநாடியில் நின்ற பொறி 0.25 விநாடி எடுக்கிறது. ஒருவர் கண்ணுக்கும் தெரியாத மாற்றம். ஆனால் தேவையான தூரம் இப்போது 500 மில்லிமீற்றர். திரை பழைய இடத்திலேயே நிற்கிறது. பத்துச் சென்ரிமீற்றர் பாதுகாப்பு ஒருவருக்கும் தெரியாமல் போய்விட்டது. சென்சாரில் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. ஆகவே சென்சார் பூட்டியாயிற்று என்று ஒரு முதலாளி சொன்னால் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி: பொறி நிற்கும் நேரத்தைக் கடைசியாக அளந்தது எப்போது?

இன்னொரு இடத்தில் சென்சார் அடியோடு பயன்படாது. தகடு வெட்டும் பவர் பிரஸ்களில் பழைய வகை, சாவிக் கிளட்ச் வகை. பெடலை மிதித்தால் சாவி விழும். சாவி விழுந்தால் அடி முழுவதும் இறங்கி ஏறித்தான் ஓயும். நடுவில் நிறுத்த ஒரு வழியும் கிடையாது. அதற்கு முன் எவ்வளவு விலையான ஒளித்திரை வைத்தாலும் திரை கையைக் காணும், காண்பதோடு சரி. இந்தப் பொறிகளுக்கு உராய்வுக் கிளட்ச் மாற்ற வேண்டும், அல்லது விரல் நுழையாத நிரந்தர மூடி போட வேண்டும், அல்லது அச்சு இறங்கும்போது மணிக்கட்டைப் பின்னால் இழுக்கும் வார்களைக் கட்ட வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் படத்தில் பார்த்தாலே மனம் கனக்கிறது. ஆனாலும் அது கையைக் காத்தது. இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் அமுக்க வேண்டிய இரட்டைப் பொத்தான் இன்னொரு வழி. ஒன்றைத் தடி கொண்டு நெருக்கி வைத்துவிடக் கூடாது என்பதற்காக, இரண்டும் அரை விநாடிக்குள் அமுக்கப்பட்டால்தான் வேலை செய்யும்படி விதி செய்தார்கள்.

இந்தச் சாவிக் கிளட்ச் பிரஸ்களின் நாடு இன்று எது என்று கேட்டால், டெல்லியை ஒட்டிய மானேசரும் பரீதாபாத்தும் கண்முன் வருகின்றன. கார்களின் உதிரிப்பாகம் செய்யும் பட்டறைகள். ‘சேஃப் இன் இந்தியா’ என்ற அறக்கட்டளை 2019 முதல் ‘கிரஷ்ட்’ என்ற தலைப்பில் ஆண்டறிக்கை வெளியிட்டு வருகிறது. அவர்களிடம் வந்த ஆயிரக்கணக்கான தொழிலாளரின் சாட்சியம் அதில் இருக்கிறது. நசுங்கிய விரல்களில் பெரும்பங்கு பவர் பிரஸ்ஸில் போனவை. சராசரியாக ஒருவருக்கு இரண்டு விரல். பிரஸ்ஸில் சென்சார் இல்லை, அல்லது இருந்தும் வேலை செய்யவில்லை என்று மறுபடி மறுபடி வருகிறது. பன்னிரண்டு மணி நேர வேலை, வெளி மாநிலத்திலிருந்து வந்த இளைஞர்கள், எடுபிடி ஆளாகச் சேர்த்துப் பிரஸ்ஸில் நிறுத்தப்பட்ட பெண்கள். எர்வின் சிக் தன் ஒளித்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்து ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழிந்த பின் எழுதப்பட்ட அறிக்கைகள் இவை.

இழந்த விரல்களின் வரலாற்றில் தமிழர் கைகளும் வேலை செய்திருக்கின்றன, எதிர்த் திசையில். 1971இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் ஆர். வெங்கடசாமி கை அறுவைச் சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவை உருவாக்கினார். வடசென்னையின் ஆலைகளுக்கும் துறைமுகத்துக்கும் கிட்ட இருந்த ஏழைகளின் மருத்துவமனை அது. விரல் நுனி சாய்வாக வெட்டுண்டால் பக்கத்துத் தோலை முக்கோணமாக உயர்த்தி முன்னால் நகர்த்தி மூடும் முறையை 1980இல் அவர் வெளியிட்டார். உலகக் கை மருத்துவப் பாடநூல்களில் அது அவர் பெயரோடு நிற்கிறது. விரலின் நீளத்தையும் தொடு உணர்வையும் காப்பாற்றும் முறை. கூலித் தொழிலாளிக்கு அந்த அரை அங்குலம் என்ன பெறும் என்று தெரிந்தவர் கண்டுபிடித்த முறை என்றே எனக்குப் படுகிறது. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசபாபதியின் பிரிவு, மோட்டர் பட்டறைகளிலும் நூற்பாலைகளிலும் சிதைந்த கைகளைத் திரும்பச் சேர்த்து உலகப் பெயர் பெற்றது. மருத்துவர்கள் ஒட்டவைத்துக்கொண்டே இருக்கிறார்கள். பட்டறைகள் அனுப்பிக்கொண்டே இருக்கின்றன.

சட்டமும் விரல்களை எண்ணி வைத்திருக்கிறது. இந்தியாவின் 1923ஆம் ஆண்டு நட்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள்: பெருவிரல் போனால் உழைப்புத் திறன் இழப்பு 30 வீதம், சுட்டுவிரல் முழுதும் போனால் 14, நடுவிரல் 12, மோதிர விரலும் சிறுவிரலும் தலா 7, எலும்பு போகாமல் சுட்டுவிரல் நுனி மட்டும் வெட்டுண்டால் 5. நமக்கு 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். 2022இல் வந்த திருத்தம் அதன் உச்சத் தொகையை ஐந்தரை இலட்சத்திலிருந்து இருபது இலட்சம் ரூபாவாக்கியது. நட்டஈடு கேட்பதற்கு ஆள் வேலைக்கு இருந்தார் என்று காட்ட வேண்டும். நாட்கூலிக்கு, வாய்ச்சொல்லில், அறுவடைக்கு மட்டும் நின்ற பெடியனிடம் என்ன கடதாசி இருக்கும்?

வயல்காரர்களாகிய நமக்குக் கிட்டிய உதாரணம் ஒன்று உண்டு. பசுமைப் புரட்சிக் காலத்தில் பஞ்சாபிலும் ஹரியானாவிலும் கோதுமை சூடடிக்கும் இயந்திரங்கள் ஊர் ஊராகப் போயின. கதிரைக் கையால் தள்ளித் தள்ளிக் கொடுத்தவர்களின் கைகள் உள்ளே போயின. 1983இல் இந்திய நாடாளுமன்றம் ஆபத்தான இயந்திரங்களை ஒழுங்குபடுத்தச் சட்டம் இயற்றியது. முக்கியமான இலக்கு இந்தச் சூடடிக்கும் இயந்திரம்தான். கதிர் கொடுக்கும் தட்டு 90 சென்ரிமீற்றர் நீளமாவது இருக்க வேண்டும், அதில் 45 சென்ரிமீற்றர் மேலே மூடியிருக்க வேண்டும் என்று தரம் வகுத்தார்கள். கணக்கு எளிது: ஒரு மனிதக் கை எட்டாத தூரம். மின்சாரம் வேண்டாம், ஒளிக்கதிர் வேண்டாம், ஒரு தகரக் கொல்லன் அரை நாளில் செய்து முடிப்பான். ஒளித்திரைக்கும் இந்தத் தகரத் தட்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கணக்கு, தூரக் கணக்கு.

மின்சாரம் என்றதும் வன்னியின் தனிக் கதை வந்துவிடுகிறது. மற்ற நாடுகளில் சென்சார் பரவிய ஆண்டுகளில் இங்கே பெரும்பகுதிக்குக் கம்பியே இருக்கவில்லை. 1990களில் பொருளாதாரத் தடைப் பட்டியலில் டீசலும் மின்கலமும் இருந்தன. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் மில் ஓடியது கிடைத்த எண்ணெயில். கொஞ்சம் பெற்றோலை ஊற்றி ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டிய மோட்டார் சைக்கிள்களின் காலம் அது. எதுவும் இல்லாமல் எதையும் ஓடவைக்கும் திறமையில் நம்மவர்களை மிஞ்ச ஆள் இல்லை. அந்தப் பெருமையை நான் குறைக்க மாட்டேன். ஆனால் ஓடவைக்கும் அவசரத்தில் முதலில் கழற்றி வைக்கப்பட்டது மூடியும் வேலியும்தான். போர் முடிந்து வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வழியாகச் சுன்னாகத்துக்கு உயர் அழுத்தத் தடம் திரும்ப இழுக்கப்பட்டது, மோட்டர்கள் வந்தன. கழற்றிய மூடிகள் அந்த வேகத்தில் திரும்பி வரவில்லை.

மின்சாரம் வந்தபின் வேறோர் ஆபத்தும் கூட வந்தது. 2022 மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்கமாட்டோம். கரண்ட் போனதும் பொறி நின்றுவிடும். நின்ற பொறிக்குள் கையை விட்டுத் துப்புரவு செய்ய இதைவிட நல்ல நேரம் ஏது என்று தோன்றும். சுவிச் போட்டபடியே இருக்கும். கரண்ட் திரும்பும்.

இதைத் தடுக்கும் கருவிக்கு ஒளித்திரையின் புகழ் இல்லை. மோட்டரின் ஸ்டார்ட்டருக்குள் ஒரு சுருள் இருக்கிறது. மின்சாரம் இருக்கும்வரை அது தொடுப்பைப் பிடித்திருக்கும். மின்சாரம் போனால் தொடுப்பை விட்டுவிடும். கரண்ட் திரும்பி வந்தாலும் தானாகப் பிடிக்காது. ஒருவர் வந்து பச்சைப் பொத்தானை அமுக்க வேண்டும். சரியான ஸ்டார்ட்டர் பூட்டிய மில்லில் இந்தக் காவல் இலவசமாக இருக்கிறது. செலவு மிச்சம் என்று மோட்டரை நேரே மெயின் சுவிச்சில் கொடுத்த இடத்தில் அது இல்லை. வன்னியில் ஒரு மில்லுக்குள் போய் நான் ஒன்றே ஒன்றைப் பார்க்கலாம் என்றால், இதைத்தான் பார்ப்பேன்.

மர வாளுக்கும் ஒரு கருவி உண்டு. 1999இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஸ்டீவ் காஸ் என்பவர், இயற்பியலும் காப்புரிமைச் சட்டமும் படித்தவர், வாள் அலகிலேயே சிறு மின்குறியை ஓடவிட்டார். மரம் தொட்டால் அது மாறாது. மனித உடல் மின்னேற்றத்தை வாங்கிக்கொள்வதால் விரல் தொட்டால் மாறும். அந்தக் கணத்தில் ஓர் அலுமினியக் கட்டை அலகுக்குள் பாய்ந்து ஐந்து மில்லி விநாடிக்குள் நிறுத்துகிறது. விரலையே கொண்டுபோகக்கூடிய காயம் ஒரு கீறலாக முடிகிறது. அவர் அதைப் பெரிய வாள் நிறுவனங்களிடம் கொண்டுபோனார், அவை எடுத்துக்கொள்ளவில்லை, தானே நிறுவனம் தொடங்கினார். ஈர மரமும் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் பச்சை மரம் அறுக்கும் நமது ஆலைகளுக்கு அது அப்படியே பொருந்தாது. ஆனாலும் 1855இன் பிரித்தானிய ஆலை முதலாளிகளும் அமெரிக்க வாள் நிறுவனங்களும் ஒரே பதிலைச் சொன்னதைக் குறித்து வைக்கிறேன்.

போருக்குப் பிந்திய வன்னியில் பெரிய தொழில் என்றால் ஆடைத் தொழிற்சாலை. வவுனியாவில் ஒமேகா லைன், கிளிநொச்சியில் எம்.ஏ.எஸ். போன்ற ஏற்றுமதி நிறுவனங்கள். அவற்றில் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் நமது பிள்ளைகள், பெண்பிள்ளைகள். வெளிநாட்டு வாங்குவோரின் கணக்காய்வு இருப்பதால் இத்துறையில் காவல்கள் கண்ணுக்குத் தெரியும்: தையல் ஊசிக்கு முன்னால் வளைந்த கம்பி, பெல்ட் சக்கரத்துக்கு மூடி, துணி வெட்டுபவரின் கையில் உருக்கு வளையங்களால் பின்னிய கையுறை, பொத்தான் அடிக்கும் பொறியில் விரல் தடுப்பு. ஊசிக் கம்பியின் விலை மிகச் சிறியது. மணிக்கு இத்தனை உருப்படி என்ற இலக்கு கூடும்போது முதலில் வளைத்து ஒதுக்கப்படுவதும் அதுதான், ஏனென்றால் நூல் கோர்க்க அது இடைஞ்சல்.

காவலை ஒதுக்குவது நமது பழக்கக் குறை என்று சொல்கிறவர்கள் உண்டு. ஒழுங்குக்குப் பெயர் போன ஜேர்மனியில் தொழில் விபத்துக் காப்புறுதி அமைப்புகள் 2006இல் வெளியிட்ட ஆய்வைப் பார்க்கட்டும்: உலோக வேலைப் பொறிகளில் காவல் கருவிகளில் ஏறத்தாழ 37 வீதம் எப்போதாவது அல்லது எப்போதும் ஏமாற்றப்பட்டிருந்தன. வயர் போட்டுச் சென்சாரைச் செயலிழக்க வைப்பது, சுவிச்சில் டேப் ஒட்டுவது, எல்லாம் அங்கும் உண்டு. அந்த ஆய்வின் பாடம் தொழிலாளியைத் திட்டுவதில் இல்லை. காவல் வேலையைத் தடுக்கும்படி வடிவமைக்கப்பட்டால் மனிதர்கள் அதைச் சுற்றிப் போவார்கள். காவலோடு வேலை எளிதாகும்படி பொறியைச் செய்ய வேண்டியது பொறி செய்பவரின் கடமை. உருப்படிக் கணக்கில் கூலி கொடுத்துவிட்டு, சென்சாரை ஏன் கழற்றினாய் என்று கேட்பதில் நேர்மை இல்லை.

நெளுக்குளத்தில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. போர் முடிந்த 2009இல் முகாமாக இருந்த வளாகம், இப்போது பிள்ளைகள் மின்னிணைப்பும் பொருத்து வேலையும் படிக்கும் இடம். ஒரு பொறி நிற்க எடுக்கும் நேரத்தை அளப்பது அங்கே படிக்கிற பிள்ளைக்குப் பெரிய வேலை இல்லை. ஸ்டார்ட்டருக்குள் சுருள் பிடிக்கிறதா என்று பார்ப்பதும், மூடியைத் திறந்தால் மோட்டர் நிற்கும்படி ஒரு சுவிச்சைப் பூட்டுவதும் அப்படித்தான். அந்தச் சுவிச் ஒளித்திரையின் விலையில் மிகச் சிறு பங்குதான் ஆகும். உமி நீக்கும் பொறியின் மூடிக்கு அதுவே பொருத்தமான காவல். மில்காரர்களின் சங்கங்களும் தொழிலாளர் திணைக்களமும் அந்தப் பிள்ளைகளும் ஒரு சிறுபோகத்துக்கு முன் கூடி மன்னார் வீதி மில்களில் இந்த மூன்றையும் செய்து முடிக்கலாம். காலபோகம் வந்தால் ஒருவருக்கும் நேரமிருக்காது.

அடுத்த பகுதியில் நெல் அவிக்கும் கொதிகலன்: 1942ஆம் ஆண்டுச் சட்டம் அதைப் பற்றி என்ன சொன்னது, உள்ளே நீராவி அழுத்தம் ஏறுவதை வெளியே நிற்கும் மனிதர் எப்படி அறிந்தார்கள் என்பதைப் பார்ப்போம்.